எழுத்தும் இடமும்: ஈஸ்ட்டில் ஆர்.என்.ஏ. பற்றும் புரதங்கள் தம் இலக்கை அறியும் விதம்

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிரி. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்பது அதன் அறிவியல் பெயர். உட்கரு உள்ள உயிரிகளில் முதன்முதலாக மரபுத்தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது இதற்குத்தான், ஆண்டு 1996. 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி எழுத்துகள், சுமார் 6,000 மரபணுக்கள் என்று கணக்கு தெளிவாகக் கையில் இருக்கிறது. மரபணுவின் செய்தியை ரைபோசோமுக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ., பிறந்த கணம் முதல் சிதையும் கணம் வரை தனித்து இருப்பதே இல்லை. எப்போது உட்கருவை விட்டு வெளியே வருவது, செல்லின் எந்த மூலைக்குப் போவது, எப்போது புரதமாக மொழிபெயர்க்கப்படுவது, எப்போது அழிவது என்று அதன் வாழ்வு முழுவதையும் அதைப் பற்றியிருக்கும் புரதங்களே நடத்துகின்றன. ஈஸ்ட்டில் இத்தகைய புரதங்கள் பல நூறு உண்டு. அவற்றில் சில எல்லாத் தூதுகளையும் பற்றும். மற்றவை சில பத்து முதல் சில நூறு தூதுகளை மட்டும் பற்றிக்கொண்டு எஞ்சியவற்றை விட்டுவிடும். இத்தனை தூதுகள் நெருக்கியடிக்கும் ஓரிடத்தில் தனக்குரியது எது என்று ஒரு புரதம் எப்படி அறிகிறது என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

இதற்குப் பாடநூல் தரும் விடை சுருக்கமானது: புரதத்துக்கு ஒரு குறிவரிசை பிடிக்கும், அந்தக் குறிவரிசை எந்தத் தூதில் இருக்கிறதோ அந்தத் தூதைப் பற்றும். இந்த விடை பொய்யில்லை, ஆனால் பாதி விடை. நான்கு முதல் பத்து எழுத்து நீளமுள்ள ஒரு குறிவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு செல்லுக்குள் ஒரு தூதைக் கண்டுபிடிப்பது, ஊர் பெரிதாக இருக்கும்போது 'முருகன்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவதைப் போன்றது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் தெருவும் தெரிந்தால்தான் ஆள் கிடைப்பார். எழுத்து, அந்த எழுத்து அமர்ந்திருக்கும் வடிவம், தூதில் அது இருக்கும் இடம், கூட நிற்கும் துணைப் புரதம், செல் அப்போது இருக்கும் நிலை, இவை அனைத்தும் சேர்ந்துதான் அடையாளத்தை உண்டாக்குகின்றன என்பது என் வாதம். தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் வலுவான சான்று அல்ல. சேரும்போது வலுப்பெறுகின்றன. இதை நிறுவ, எனக்குச் சாதகமில்லாத இடத்திலிருந்தே தொடங்குகிறேன். எழுத்து மட்டும் போதும் என்று சொல்பவர்களுக்கு இருப்பதிலேயே வலுவான ஆதாரமாக விளங்கும் புரதக் குடும்பம் எதுவோ அதுதான் அந்த இடம்.

அதன் பெயர் பஃப். பழ ஈயின் பூமிலியோ, உருளைப்புழுவின் எஃப்.பி.எஃப். ஆகிய இரு புரதங்களின் பெயர்களிலிருந்து இது பிறந்தது. இந்தப் புரதத்தின் பற்றும் பகுதி பிறைநிலவைப் போல வளைந்திருக்கும். ஏறத்தாழ 36 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான மடிப்பு, சற்றே மாறுபட்டு எட்டு முறை அடுத்தடுத்து வருவதால் உண்டாகும் வளைவு அது. பிறையின் உட்புறத்தில் ஆர்.என்.ஏ. நீட்டிப் படுக்கிறது. 2002-இல் மனிதப் பூமிலியோ1 புரதம் ஆர்.என்.ஏ.வைப் பற்றியிருக்கும் நிலையில் அதன் படிக அமைப்பு வெளியானபோது, எட்டு மடிப்புகளும் எட்டு எழுத்துகளை ஆளுக்கொன்றாக வாசிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் மூன்று அமினோ அமிலங்களே இந்த வேலையைச் செய்கின்றன. இரண்டு, எழுத்தாக நிற்கும் காரத்தின் விளிம்பைத் தொடுகின்றன. மூன்றாவது, இரு காரங்களுக்கு நடுவே அடுக்கில் செருகி நிற்கிறது. விளிம்பைத் தொடும் இணை அஸ்பராஜினும் குளூட்டமினும் ஆனால் அங்கே யுராசில். சிஸ்டைனோ செரினோ குளூட்டமினுடன் சேர்ந்தால் அடினைன். செரினும் குளூட்டமிக் அமிலமும் சேர்ந்தால் குவானைன். சைட்டோசினை வாசிக்கும் இணை இயற்கையில் தெளிவாகத் தெரியாதிருந்தது; 2011-இல் செரின்–அர்ஜினின் இணை அதற்குப் பொருந்தும் என்று கண்டார்கள். அந்தத் தேடலுக்குக் களமாக இருந்ததும் ஈஸ்ட் செல்தான்: ஒரு புரதம் ஓர் ஆர்.என்.ஏ.வைப் பற்றினால் மட்டும் அறிகுறி மரபணு விழித்துக்கொள்ளும்படி 1996-இல் உருவாக்கப்பட்ட மூன்று-கலப்பு முறை. உயிரியலில் இவ்வளவு ஒழுங்கான வாசிப்பு அரிது. மடிப்பின் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினால் அது வாசிக்கும் எழுத்தும் மாறுகிறது. இதைப் பார்த்தவர்கள் 'குறிமுறை' என்று பேசத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஈஸ்ட்டில் இந்தக் குடும்பத்தினர் பஃப்1 முதல் பஃப்6 வரை உண்டு. 2004-இல் கெர்பர், ஹெர்ஷ்லாக், பிரவுன் ஆகிய மூவரும் பஃப்1 முதல் பஃப்5 வரையிலான ஐந்து புரதங்களையும் அவை பற்றியிருந்த தூதுகளோடு செல்லிலிருந்து பிரித்தெடுத்து, எந்தத் தூதுகள் வந்தன என்று நுண்சில்லில் பார்த்தார்கள். பஃப்3-உடன் இருநூறுக்கும் சற்று மேற்பட்ட தூதுகள் வந்தன. என்ன வேலை செய்யும் மரபணு என்று ஏற்கெனவே அறியப்பட்டிருந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை மைட்டோகாண்டிரியாவுக்குரிய புரதங்களின் தூதுகள். பஃப்4-இன் பட்டியலில் நியூக்ளியோலஸ் புரதங்களும், பஃப்1, பஃப்2 பட்டியல்களில் சவ்வோடு தொடர்புள்ள புரதங்களும் மிகுந்திருந்தன. பஃப்3 விரும்பும் குறிவரிசையும் தெரியவந்தது: யு-ஜி-யு-ஏ, அடுத்து எதுவாயினும் ஓர் எழுத்து, அதன்பின் ஏ-யு-ஏ. புரதச் செய்தி முடிந்த பிறகு தூதின் பின்புறம் மொழிபெயர்க்கப்படாத ஒரு பகுதி உண்டு. இனி அதை வால்பகுதி என்கிறேன். குறிவரிசை பெரும்பாலும் அங்கேதான் இருந்தது. சைட்டோகுரோம் ஆக்சிடேசுக்குச் செம்பு கொண்டுபோய்க் கொடுக்கும் காக்ஸ்17 புரதத்தின் தூதில் பஃப்3-க்கு இரண்டு இருக்கைகள் உண்டு; பஃப்3 அங்கே அமர்ந்து, தூதின் கடைசியில் ஏ எழுத்துகள் தொடராக நிற்கும் பாலி-ஏ வாலைக் கத்தரிக்கச் செய்து அதன் அழிவை விரைவுபடுத்துகிறது என்பதை 2000-ஆம் ஆண்டிலேயே ஒலிவாஸும் பார்க்கரும் காட்டியிருந்தார்கள்.

எழுத்தே போதும் என்ற வாதம் இதைவிடச் சிறப்பாக அமைய முடியாது. ஆனால் இந்தக் குறிவரிசையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எட்டில் ஒன்று எதுவாகவும் இருக்கலாம் என்பதால் நிலையான எழுத்துகள் ஏழு. நான்கு காரங்களும் சம அளவில் இருந்தால் இப்படி ஒரு வரிசை 16,384 இடங்களுக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். ஈஸ்ட்டில் அவை சம அளவில் இல்லை. ஜி-யும் சி-யும் சேர்ந்து நூற்றுக்கு 38 மட்டுமே. ஏ-யும் யு-வும் நிறைந்த இந்த வரிசைக்கு அது சாதகம், ஆகவே ஏறக்குறைய 6,000 இடங்களுக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம். வால்பகுதி சராசரியாக 100 எழுத்து என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 6,000 மரபணுக்களுக்கு ஆறு லட்சம் எழுத்து, அதில் தற்செயலாக நூறு இடம். இது பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் புரதச் செய்திப் பகுதியில் இருக்கிறது. மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு புரதச் செய்தி. அதாவது 84 லட்சம் எழுத்து. அங்கே இதே வரிசை தற்செயலாக 1,400 இடங்களில் வரவேண்டும். பஃப்3-இன் மொத்தப் பட்டியலைப்போல இது பல மடங்கு. எழுத்து ஒன்றே அடையாளம் என்றால் பஃப்3 இந்த 1,400 இடங்களிலும் சமமாக அமர்ந்து, மைட்டோகாண்டிரியாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத தூதுகளில் சிதறிக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பதில்லை.

இன்னொரு கணக்கு இதைவிடக் கடுமையானது. ஓர் ஈஸ்ட் செல்லில் ஒரு நேரத்தில் 15,000 தூதுகள் இருப்பதாகப் பழைய மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அண்மை மதிப்பீடுகள் இன்னும் கூடுதலாகச் சொல்கின்றன. குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். தூது ஒன்றுக்கு 1,500 எழுத்து என்றால் மொத்தம் 2.25 கோடி. ஒரு புரதம் உட்கார முயலக்கூடிய இடங்கள் அத்தனை. பஃப்3-க்கு உரியவை 200 தூதுகள், ஒவ்வொன்றிலும் மூன்று படிகள் என்றால், சரியான இருக்கைகள் 600. சரியான இருக்கையில் அது பிற இடங்களைவிட ஆயிரம் மடங்கு வலுவாகப் பற்றுகிறது என்று வைத்தால், 600-ஐ ஆயிரத்தால் பெருக்கி ஆறு லட்சம், எதிரே 2.25 கோடி. அதன் நேரத்தில் நூற்றில் மூன்று பங்குகூடச் சரியான இடத்தில் கழியாது. லட்சம் மடங்கு வேறுபாடு இருந்தால்தான் நூற்றில் எழுபது பங்கை எட்டுகிறது. ஓரிரு எழுத்து மட்டும் பிசகிய அரைகுறை இருக்கைகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயில் ஒரு புரதத்தையும் ஓர் ஆர்.என்.ஏ.வையும் வைத்து அளக்கும்போது இந்த 2.25 கோடியும் எதிரே இல்லை. செல்லில் இருக்கிறது. ஆகவே செல் ஏதோ ஒரு வழியில் இந்தப் பெரிய எண்ணைச் சுருக்கியாக வேண்டும்.

எப்படிச் சுருக்குகிறது? முதல் வழி ரைபோசோம். புரதச் செய்திப் பகுதியின் மீது அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அமரும் புரதம் விரைவில் தள்ளப்பட்டுவிடும். வால்பகுதி ரைபோசோம் ஓடாத நிலம். ஒரே எட்டு எழுத்து ஒரு பகுதியில் நிலைத்த இருக்கையாகவும் மற்றொரு பகுதியில் ஒதுக்கப்பட்ட இடமாகவும் ஆவதற்கு இது எளிய காரணம். இரண்டாவது வழி ஆர்.என்.ஏ.வின் மடிப்பு. பஃப் புரதங்கள் வாசிப்பது நீட்டிப் படுத்த ஒற்றை இழையை; தன்னோடு தானே இணைந்து முடிச்சிட்டுக்கொண்ட இழையை அவற்றால் வாசிக்க இயலாது. 2014-இல் வைஸ்மன் ஆய்வகத்தார் உயிருள்ள ஈஸ்ட் செல்லுக்குள் தூதுகளின் மடிப்பை அளந்தபோது, சோதனைக்குழாயில் இருப்பதைவிடச் செல்லில் அவை பெரிதும் அவிழ்ந்தே இருப்பதைக் கண்டார்கள். செல்லின் ஏ.டி.பி.யைக் குறைத்தால் மடிப்பு கூடியது. அதாவது எந்த இருக்கை திறந்திருக்கிறது என்பதைச் செல் ஆற்றல் செலவிட்டு ஓயாமல் பராமரிக்கிறது. எழுத்தில் இந்தத் தகவல் கிடையாது.

பஃப் குடும்பத்துக்குள்ளேயே எழுத்துக் குறிமுறை எங்கே தடுமாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பஃப்3, பஃப்4, பஃப்5 மூன்றுக்கும் மடிப்புகள் எட்டுதான். ஒவ்வொரு மடிப்பிலும் எழுத்தைத் தொடும் அமினோ அமிலங்களும் பெரும்பாலும் ஒன்றே. குறிமுறையை அப்படியே நம்பினால் மூன்றும் ஒரே வரிசையை வாசிக்க வேண்டும். ஆனால் பஃப்3 எட்டு எழுத்து வரிசையையும், பஃப்4 ஒன்பது எழுத்து வரிசையையும், பஃப்5 பத்து எழுத்து வரிசையையும் விரும்புகின்றன. மூன்றும் யு-ஜி-யு-ஏ என்று தொடங்கி யு-ஏ என்று முடிகின்றன. இடையிலுள்ள தூரம் மட்டும் வேறு. 2008-இல் வெளிவந்த பஃப்4-இன் படிக அமைப்பு காரணத்தைக் காட்டியது: பிறையின் வளைவு சற்று வேறுபட்டிருப்பதால், நடுவே ஒரு காரம் புரதத்தைத் தொடாமல் வெளியே புரண்டு நிற்க இடம் கிடைக்கிறது. பஃப்3-க்கோ யு-ஜி-யு-ஏ தொடங்குவதற்கு இரண்டு இடம் முன்னால் ஒரு சைட்டோசின் இருந்தால் பிடிப்பு கூடுகிறது. அதை ஏற்கும் தனிக் குழி அதன் உடலில் உண்டு. ஆக, எது மைட்டோகாண்டிரியாவுக்குரிய தூது, எது நியூக்ளியோலஸுக்குரியது என்ற பெரிய வேறுபாடு, எழுத்துகளை வாசிக்கும் விரல்களில் இல்லை. முழு உடலின் வளைவிலும் ஓரத்தில் இருக்கும் ஒரு குழியிலும் இருக்கிறது. குறிமுறை மிகத் தூய்மையாக வேலை செய்யும் குடும்பத்திலேயே நிலை இதுவென்றால், மற்றக் குடும்பங்களில் என்ன எதிர்பார்ப்பது?

அதற்கு விடை சொல்ல ஆஷ்1 தூதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகுகிறது. மொட்டு பிரிந்து சேய்ச்செல் ஆகிறது. தாய்ச்செல்லுக்கு எச்ஓ என்ற நொதியின் உதவியால் தன் பாலின வகையை மாற்றிக்கொள்ள முடியும். சேய்ச்செல்லுக்கு முடியாது, ஏனெனில் அதன் உட்கருவில் ஆஷ்1 புரதம் எச்ஓ மரபணுவை அடக்கிவைக்கிறது. ஆஷ்1 சேயில் மட்டும் சேர்வதற்குக் காரணம், அதன் தூது தாய்ச்செல்லிலிருந்து மொட்டின் நுனிக்குத் தூக்கிச் செல்லப்படுவதுதான். 1997-இல் இது வெளியானது. தூக்கிச் செல்லும் அணியில் மூவர்: ஆர்.என்.ஏ.வைப் பற்றும் ஷீ2, இணைப்பாளர் ஷீ3, ஆக்டின் இழைமேல் நடக்கும் மையோ4. ஆஷ்1 தூதில் இவர்களுக்கு அடையாளமாக நான்கு கூறுகள் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றை அஞ்சல் குறியீடு என்கிறார்கள். மூன்று முழுவதும் புரதச் செய்திக்குள் இருக்கின்றன, நான்காவது செய்தி முடியும் இடத்தைத் தாண்டி வால்பகுதிக்குள் நீள்கிறது. நான்கில் எந்த ஒன்றை எடுத்து வேறொரு தூதில் ஒட்டினாலும் அந்தத் தூது மொட்டுக்குப் போய்விடும். ஆகவே ஷீ2 நான்கையும் ஒரே இனமாக அறிகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கின் எழுத்துகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், பஃப்3-க்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு பொது வரிசை கிடைக்காது. 2005-இல் கிடைத்த விடை இப்படி இருந்தது: ஒரு வளையத்தில் சி-ஜி-ஏ என்ற மூன்றெழுத்து, மற்றொரு வளையத்தில் தனியாக ஒரு சைட்டோசின், இரண்டுக்கும் இடையே வெளியில் 28 ஆங்ஸ்ட்ராம் தூரம், நான்கு முன்பின். நான்கே எழுத்து. அவற்றை அடையாளமாக்குவது இடைப்பட்ட தூரம்.

கதை இத்தோடு முடியவில்லை. ஷீ2-ஐத் தனியாக எடுத்துச் சோதித்தால், அது அஞ்சல் குறியீடு உள்ள ஆர்.என்.ஏ.வையும் இல்லாததையும் பெரிய பாகுபாடின்றிப் பற்றுகிறது. உட்கருவுக்குள் போய் வரும் புரதம் இது. அங்கே அதன் பிடி தளர்வானது. சைட்டோபிளாசத்துக்கு வந்து ஷீ3-உடன் சேர்ந்த பிறகே உண்மையான தேர்வு நடக்கிறது என்று 2011-இல் நீசிங், யான்சன் குழுவினர் காட்டினார்கள். 2017-இல் வெளியான படிக அமைப்பு அதை அருகில் வைத்துக் காட்டியது. தனியாக இருக்கும்போது அந்த ஆர்.என்.ஏ. நெகிழ்வான கொம்பு, கூட்டணிக்குள் வந்ததும் கூர்மையாக வளைந்துவிடுகிறது. வளைந்த நிலையை ஷீ2 ஒரு பக்கமும், ஷீ3-இன் ஒழுங்கான வடிவமில்லாத ஒரு வால் மறுபக்கமும் பிடித்து நிறுத்துகின்றன. இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். அடையாளம் எனப்படும் அந்த வளைவு, பிடிப்பதற்கு முன் ஆர்.என்.ஏ.வில் முழுதாக இல்லை. ஷீ2-இலும் இல்லை, ஷீ3-இலும் இல்லை. மூன்றும் சேரும்போது உண்டாகிறது. ஒரு தூதின் எழுத்துகளை மட்டும் கணினியில் ஓடவிட்டு ஷீ2-இன் இலக்குகளைப் பட்டியலிடுவது ஏன் இவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு இதுவே விளக்கம்.

இடத்தின் பங்கும் ஆஷ்1-இல் தெரிகிறது. 2002-இல் இந்தக் கூறுகளைப் புரதச் செய்தியிலிருந்து எடுத்து வால்பகுதிக்கு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். தூது மொட்டுக்குப் போனது. ஆனால் ஆஷ்1 புரதம் சேயில் மட்டும் சேர்வது கெட்டது, ஏனெனில் செய்திக்குள் இருந்தபோது அந்தக் கூறுகள் வழியில் மொழிபெயர்ப்பையும் தாமதப்படுத்திக்கொண்டிருந்தன. அதே எழுத்து, அதே வடிவம், அதே புரதங்கள். இடம் மாறியதும் பொருள் மாறிவிட்டது.

மற்ற எடுத்துக்காட்டுகளை விரைந்து கடக்கிறேன். விடிஎஸ்1 புரதத்தின் சாம் பகுதி, கொண்டையூசிபோல் மடிந்த ஆர்.என்.ஏ.வின் வளையத்தில் சி, ஏதோ ஓர் எழுத்து, ஜி, ஜி என்ற வரிசையை நாடுகிறது. கொண்டையூசியை அவிழ்த்துவிட்டு எழுத்தை மட்டும் கொடுத்தால் பிடிப்பு தளர்ந்துபோகிறது. நேப்3 விரும்புவது யு-சி-யு-யு என்ற நான்கெழுத்து. நான்கெழுத்து எந்த ஆர்.என்.ஏ.விலும் சராசரியாக 256 இடத்துக்கு ஒருமுறை வந்துவிடும். ஆனாலும் நேப்3-உம் அதன் கூட்டாளி என்ஆர்டி1-உம் பயனற்ற குறுகிய படிகளைத் தேடிப்பிடித்து நிறுத்துகின்றன. என்ஆர்டி1, படியெடுக்கும் பாலிமரேஸின் வாலில் படியெடுப்பின் தொடக்கத்தில் மட்டும் மிகுந்திருக்கும் பாஸ்பேட் குறியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே அப்போதுதான் வெளிவரும் இழையில், தொடக்கத்திலேயே, இருவரும் நாடும் குறுவரிசைகளும் அடுத்தடுத்துத் தென்பட வேண்டும். வலுக்குறைந்த இரண்டு குறிகளும் ஒரு தருணமும் சேர்ந்து கூர்மையான தேர்வாகின்றன.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, வலுவானது: பஃப் புரதத்தின் மடிப்புகளை மாற்றியமைத்து, நாம் விரும்பும் ஆர்.என்.ஏ.வைப் பற்றச் செய்திருக்கிறார்கள். எழுத்து போதாதென்றால் இது எப்படிக் கைகூடும்? இதோடு சேர்த்து 2019-இல் ஹெர்ஷ்லாக், கிரீன்லீஃப் குழுவினரின் ஆய்வையும் சொல்லலாம். மனிதப் பூமிலியோ புரதங்கள் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ. வரிசைகளை எவ்வளவு வலுவாகப் பற்றுகின்றன என்று அளந்து, ஒவ்வோர் எழுத்தின் பங்களிப்பையும் கூட்டி, பற்றுவலிமையை முன்கூட்டியே சொல்லும் கணித மாதிரியை உருவாக்கினார்கள். செல்லுக்குள் காணப்பட்ட பிணைப்போடும் அது ஒத்துப்போனது. நான் இந்த ஆய்வை உயர்வாக மதிக்கிறேன். 'குறிவரிசை உண்டு, இல்லை' என்ற இருமைப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பற்றுவலிமையைத் தொடர் அளவாகப் பார்க்க வைத்தது அது. ஆனால் அந்த மாதிரியிலேயே காரங்கள் வெளியே புரளும் நிலைகளையும் பக்கத்து எழுத்துகளின் தாக்கத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், பற்றுவலிமை இரண்டு இருக்கைகளுக்கு இடையிலான விகிதத்தைச் சொல்லும். எந்த இருக்கைகள் போட்டியில் இருக்கின்றன என்று சொல்லாது. நான் முன்னே போட்ட கணக்கில் மேலே இருக்கும் எண் எழுத்தால் வருவது. கீழே இருக்கும் 2.25 கோடியைச் சுருக்குவது ரைபோசோமும் மடிப்பும் பிற புரதங்களும். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வடிவமைத்த பஃப் புரதங்களின் வெற்றியும் அப்படியே: வாசிக்கும் விரல்களை மாற்றலாம் என்பதை அது நிறுவுகிறது. சூழல் வேண்டாம் என்று நிறுவவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. இந்தப் பட்டியல்களையே நம்ப முடியுமா? செல்லை உடைத்ததும் எல்லாம் கலந்துவிடுகிறது; உயிரோடிருந்தபோது ஒருபோதும் சந்திக்காத புரதமும் ஆர்.என்.ஏ.வும் கரைசலில் சந்தித்துப் பற்றிக்கொள்ளலாம். இது வெறும் ஐயமன்று. 2004-இல் மிலியும் ஸ்டைட்ஸும் மனிதச் செல்களில் அப்படி நிகழ்வதை நேரடியாகக் காட்டினார்கள். இதற்கு மறுமொழியாக வந்தவையே உடைப்பதற்கு முன் புற ஊதாக் கதிரால் பிணைத்துவிடும் முறைகள்: 2003-இல் கிளிப், ஈஸ்ட்டுக்கென டாலர்வி ஆய்வகம் 2009-இல் அமைத்த கிராக். 2015-இல் லாபாயின்டும் விக்கன்ஸும் இன்னும் அழகான ஒரு வழியைக் கண்டார்கள். உருளைப்புழுவின் நொதி ஒன்றைப் பஃப்3-இன் உடலில் ஒட்டிவிட்டார்கள். உயிருள்ள செல்லில் பஃப்3 எந்தத் தூதைப் பற்றினாலும் அந்தத் தூதின் நுனியில் அந்த நொதி யுராசில்களைச் சேர்த்துவிடும். செல்லை உடைத்த பிறகு என்ன கலந்தாலும் கவலையில்லை. தொட்ட தடயம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. பஃப்3-க்கு இம்முறைகளிலும் மைட்டோகாண்டிரியாத் தூதுகளே முன்னே வந்தன. 2004-இன் பட்டியல் அதன் மையத்தில் நிலைத்தது. ஓரங்கள் மட்டும் முறைக்கு முறை மாறுகின்றன. அந்த ஓர மாற்றத்தைப் பிழை என்று தள்ளுவதைவிட, பலமும் பலவீனமுமாக ஒரு தொடர்ச்சி இருப்பதன் அறிகுறி என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

மூன்றாவது எதிர்வாதம்தான் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது. பற்றுவது வேறு, பயன் வேறு. பற்றியும் எந்த விளைவும் இல்லாத தூதுகள் ஏராளம் என்றால், அவற்றை இலக்கு என்று சொல்வதற்கே என்ன உரிமை இருக்கிறது? பஃப்3 இதற்கும் விடை வைத்திருக்கிறது. குளுக்கோஸ் நிறைந்த ஊடகத்தில், அதாவது ஈஸ்ட் நொதிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும்போது, பஃப்3 தன் தூதுகளை அழிவுக்குத் தள்ளுகிறது. மைட்டோகாண்டிரியாவை மிகையாகக் கட்டும் தேவை அப்போது இல்லை. எத்தனாலை உண்டு சுவாசித்து வாழ வேண்டிய நிலையில் அதே தூதுகள் அப்படி அழிவதில்லை. 2005-இலேயே இது கவனிக்கப்பட்டது. 2015-இல் லீயும் டூவும் காரணத்தை நெருங்கினார்கள்: குளுக்கோஸ் தீர்ந்ததும் பஃப்3-இன் உடலில் பாஸ்பேட்கள் ஏறுகின்றன, அதன்பின் அது தான் பற்றிய தூதுகளின் மொழிபெயர்ப்புக்கு உதவியாக மாறுகிறது. ஒரு நிலையில் மட்டும் செல்லைச் சோதித்துவிட்டு 'விளைவில்லை' என்று எழுதப்பட்ட தூது, வேறு உணவில் வேறு விதமாகப் பேசக்கூடும். விளைவே இல்லாத பிணைப்புகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2.25 கோடி இடங்களுக்கு நடுவே நடமாடும் ஒரு புரதம் வழியில் தங்கும் இடங்கள் இருக்கவே செய்யும். ஆனால் எதை அப்படி ஒதுக்குவது என்பதைச் செல் வாழும் எல்லா நிலைகளையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். எந்த உணவில், எந்த வேகத்தில் வளர்ந்த செல்லில் எடுத்தது என்ற குறிப்பில்லாத ஓர் இலக்குப் பட்டியலை நான் பாதிப் பட்டியல் என்றே கருதுவேன்.

பரிணாமம் தரும் சான்று மிச்சமிருக்கிறது. ஹோகன், பிரவுன், ஹெர்ஷ்லாக் ஆகியோர் 2015-இல் பூஞ்சைகளின் நீண்ட வரலாற்றில் பஃப் புரதங்களையும் அவற்றின் தூதுகளையும் ஒப்பிட்டார்கள். ஈஸ்ட்டில் பஃப்3-க்குரிய மைட்டோகாண்டிரியாத் தூதுகளில் பல, நியூரோஸ்போரா, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அடங்கிய கிளையில் பஃப்4-இன் கையில் இருக்கின்றன. இரு கிளைகளிலும் புரதங்கள் வாசிக்கும் விருப்பம் பெரிதாக மாறவில்லை. மாறியது தூதுகளின் வால்பகுதி: ஒவ்வொரு மரபணுவிலும் தனித்தனியே, ஓரிரு எழுத்தாக, ஒன்பது எழுத்து இருக்கைக்கும் எட்டு எழுத்து இருக்கைக்கும் இடையே மாற்றம் நடந்திருக்கிறது. ஒரு புரதத்தின் குறிமுறை மட்டுமே ஆட்சி செய்திருந்தால், மாற்றம் நடந்துகொண்டிருந்த நெடுங்காலத்தில் பாதித் தூதுகள் ஒருவரிடமும் பாதி மற்றவரிடமும் பிரிந்து, கூட்டம் கலைந்திருக்க வேண்டும். கூட்டம் கலையவில்லை. பஃப்4-உம் பஃப்5-உம் ஒரே கத்தரிக்கும் இயந்திரத்தை, பாப்2 வழியாகச் சிசிஆர்4–நாட் தொகுதியை, அழைக்கக்கூடியவை என்பது முன்பே தெரிந்தது. பஃப்3-உம் அதே வழியில் பாலி-ஏ வாலைக் கத்தரிக்கச் செய்கிறது. இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் பின்னால் வரும் ஆள் ஒருவரே என்பதால் இடைக்காலத்தில் செல்லுக்குப் பெரிய நட்டம் நேரவில்லை என்று ஊகிக்கலாம். எச்ஓ தூதின் வால்பகுதியை இன்றும் பஃப்4-உம் பஃப்5-உம் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்து அடக்குகின்றன. இருவர் ஒரே தூதைப் பகிரும் அந்த நிலை ஈஸ்ட்டில் இன்றும் சோதனைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓர் இருக்கையை ஒன்பதிலிருந்து எட்டாகவோ பத்தாகவோ மாற்றி, வெவ்வேறு உணவில், ஒவ்வொரு படியிலும் யார் அமர்கிறார், எவ்வளவு நேரம் அமர்கிறார், தூதுக்கு என்ன நேர்கிறது என்று அளக்க இன்று கருவிகள் உண்டு. எழுத்துக்கும் சூழலுக்கும் உரிய பங்கை எண்ணாகப் பிரித்துச் சொல்லும் வேலை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் பரிந்துரை.